பிரேக் பிடிக்கும் லாரியின் முன் அச்சுச் சுமை: ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருவது ஏன்?

கேள்வி: கோபி மாணவி

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, இப்போது கோவையில் இயந்திரப் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பாடத்தில் நிலையியல் பகுதி ஓரளவு பிடிபட்டுவிட்டது. இயக்கவியலுக்கு வந்த பிறகுதான் தடுமாற்றம். டி'அலம்பேர் கோட்பாட்டின்படி, நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி, அதை முடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நிலைம விசையாக வரைந்துகொண்டால், ஓடும் பொருளையும் ஓய்வில் இருப்பதுபோல வைத்துக் கணக்குப் போடலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். பள்ளியிலோ, உண்மையில் செயல்படும் விசைகளை மட்டுமே வரைய வேண்டும் என்று படித்தோம்.

கணக்கு இதுதான். சுமையோடு சேர்த்து 12 டன் நிறையுள்ள லாரி சமதளச் சாலையில் பிரேக் பிடிக்கிறது. எதிர்முடுக்கம் 4 மீ/வி². இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர். நிறை மையம் பின் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னாலும் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்ளலாம். முன் அச்சில் விழும் சுமை எவ்வளவு?

பள்ளியில் படித்த முறையில் எடை, இரு செங்குத்து விசைகள், உராய்வு ஆகியவற்றை மட்டும் வரைந்து, பின் சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன்களைக் கூட்டிப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 45 கிலோ நியூட்டன் வருகிறது. நின்றுகொண்டிருக்கும் லாரிக்கும் இதே 45தான். நிலைம விசையையும் சேர்த்து வரைந்தால் 63 வருகிறது. திம்பம் மலைப்பாதையில் லாரி ஓட்டும் என் அப்பாவிடம் கேட்டபோது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கத்தான் செய்யும் என்றார். அப்படியானால் 63தான் சரியாக இருக்க வேண்டும். இல்லாத ஒரு விசையை வரைந்தால்தான் சரியான விடை கிடைக்கும் என்றால், நியூட்டன் விதிகளில் என்ன குறை இருக்கிறது என்பதே என் கேள்வி.

பதில் 1: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பீளமேடு

அம்மணி, 63 என்பதே சரியான விடை. நியூட்டன் விதிகளில் எந்தக் குறையும் இல்லை. அந்த வழியிலும் இதே 63 வந்தாக வேண்டும். சிக்கல் நீங்கள் வரைந்த படத்தில் இல்லை, திருப்புத்திறனைக் கூட்டத் தேர்ந்தெடுத்த புள்ளியில் இருக்கிறது.

ஓய்வில் இருக்கும் பொருளுக்கு எந்தப் புள்ளியைச் சுற்றிக் கூட்டினாலும் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை பூச்சியம்தான். நிலையியலில் மாதக்கணக்கில் இதையே செய்து பழகிவிடுவதால், முடுக்கமுள்ள பொருளுக்கும் இது பொருந்தும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. சுழலாமல் முடுக்கத்தோடு செல்லும் பொருளுக்கு, நிறை மையத்தைச் சுற்றியோ, அதன் வழியே முடுக்கத்தின் திசையில் செல்லும் கோட்டிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றியோ கூட்டினால் மட்டுமே பூச்சியம் வரும். காரணத்தைப் பாருங்கள். சாலையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து பார்க்கும்போது, நேர்கோட்டில் செல்லும் லாரிக்கும் கோண உந்தம் உண்டு. லாரியின் உந்தத்தை நிறை மையத்தின் உயரமான 1.5 மீட்டரால் பெருக்கினால் அது கிடைக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கோண உந்தம் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் வீதம் 12,000 × 4 × 1.5, அதாவது 72 கிலோ நியூட்டன் மீட்டர். சாலைப் புள்ளியைச் சுற்றிய திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை இந்த 72க்குச் சமமாக வேண்டும். அதைப் பூச்சியம் என்று எழுதியதால்தான் நின்றுகொண்டிருக்கும் லாரியின் விடை திரும்ப வந்தது.

இனி நிறை மையத்தைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். முன் அச்சு 2.5 மீட்டர் முன்னால், பின் அச்சு 1.5 மீட்டர் பின்னால். உராய்வு 48 கிலோ நியூட்டன், 1.5 மீட்டர் கீழே செயல்பட்டு மூக்கைத் தாழ்த்தப் பார்க்கிறது. ஆகவே முன் சுமையின் 2.5 மடங்கிலிருந்து பின் சுமையின் 1.5 மடங்கைக் கழித்தால் 72 வர வேண்டும்; இரண்டு சுமைகளும் சேர்ந்து 120. முன் அச்சுக்கு 63, பின் அச்சுக்கு 57 என்று விடை வந்துவிடும். இல்லாத விசை எதையும் இதில் நாம் வரையவில்லை.

நியூட்டன் தம் விதிகளை வெளியிட்டது 1687இல். டி'அலம்பேர் தம் கோட்பாட்டை வெளியிட்டது 1743இல். பிந்தையது முந்தையதைத் திருத்த வந்ததன்று. நிறை பெருக்கல் முடுக்கம் என்பதைச் சமன்பாட்டின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறை மையத்தில் வைத்துவிட்டால், மறுபடியும் எந்தப் புள்ளியைச் சுற்றியும் கூட்டிக்கொள்ளும் உரிமை கிடைக்கிறது. பொறியாளர்களுக்கு அந்த வசதி பெரிது என்பதால்தான் இது பாடத்தில் இருக்கிறது. ஆனால் முதலாண்டில் நியூட்டன் வழியை நன்றாகக் கைவசப்படுத்திய பிறகே இதற்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: லாரி பாடி கட்டுபவர், நாமக்கல்

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தொழிலில் இந்தக் கணக்கு எங்கே வருகிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். பின்னாலிருந்து முன்னால் மாறிய சுமை 18 கிலோ நியூட்டன். நிறை, எதிர்முடுக்கம், நிறை மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, அச்சு இடைவெளியால் வகுத்தால் நேரடியாக இது கிடைக்கும். உயரம் கூடினால் மாற்றம் கூடும். அச்சு இடைவெளி கூடினால் குறையும். பாடியின் தளத்தை எவ்வளவு உயரத்தில் அமைக்கிறோம் என்பது பிரேக்கையும் பாதிக்கிறது என்பதைப் புதிதாக வரும் பையன்களுக்கு முதலில் இதை வைத்தே விளக்குகிறேன்.

காலி லாரியில் பின் அச்சின் சுமை முன்பே குறைவு. பிரேக் பிடித்ததும் அதிலும் ஒரு பங்கு முன்னால் போய்விடுகிறது. சுமை ஏற்றியபோது கொடுக்கும் அதே அழுத்தத்தைப் பின் பிரேக்குக்குக் கொடுத்தால் பின் சக்கரங்கள் உருளாமல் இறுகி, லாரியின் வால் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதற்காகவே பல லாரிகளில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு நெம்புகோலோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். சுமை ஏறி ஸ்ப்ரிங் பட்டை அமுங்கியிருந்தால் அது பின் பிரேக்குக்குக் காற்றழுத்தத்தை அதிகமாக விடும். காலியாக இருந்தால் குறைத்து விடும். அப்பாவிடம் கேட்டால் லாரிக்கு அடியில் அதைக் காட்டுவார்.

பதில் 3: இரண்டாமாண்டு மாணவன், பெருந்துறை

தேர்வு எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. இரண்டு முறைகளையும் ஒரே படத்தில் கலந்துவிடக் கூடாது. நிலைம விசையையும் வரைந்துவிட்டு, சமன்பாட்டின் வலப்பக்கத்தில் நிறை பெருக்கல் முடுக்கத்தையும் எழுதினால், ஒன்றையே இருமுறை எண்ணியதாகிவிடும். வளைவுக் கணக்குகளில் இது இன்னும் அதிகமாக நடக்கிறது. மையநோக்கு விசை என்று தனியாக ஓர் அம்புக்குறி வரையக் கூடாது. சமதள வளைவில் அந்த வேலையைச் செய்வது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ‘இதைக் கொடுப்பது யார்’ என்று கேட்டு, பூமி, சாலை, கயிறு என்று பதில் கிடைத்தால் மட்டும் நான் படத்தில் வைத்துக்கொள்வேன்.

கோபி மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. புரிந்ததைச் சரிபார்த்துக்கொள்ள, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை மனத்தில் வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அளவுகள் நானாக வைத்துக்கொண்டவை. தாளவாடியிலிருந்து கரும்பு ஏற்றி இறங்கும் லாரிக்கு நிறை மையத்தின் உயரம் 2 மீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர், வளைவின் ஆரம் 15 மீட்டர், உராய்வுக் குணகம் 0.6. நிறை மையத்தைச் சுற்றிப் போட்டாலும், நிலைம விசையை வைத்து வெளிச் சக்கரத்தைச் சுற்றிப் போட்டாலும், மணிக்கு 31 கி.மீ. வேகத்தில் உட்பக்கச் சக்கரங்கள் தரையை விடுகின்றன. சறுக்குவதற்கு 34 கி.மீ. வேண்டும். ஆகவே இந்த லாரி சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். காலி லாரியில் நிறை மையத்தின் உயரம் 1 மீட்டர் என்று வைத்தால், கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடுகிறது. இது சரியா?

நாமக்கல்

இரண்டும் சரி. சாலையைச் சமதளமாக வைத்துக்கொண்டதால் வந்த விடை இது என்பதை மட்டும் எழுதிவிடுங்கள். நடைமுறையில் 31க்கும் குறைவான வேகத்திலேயே ஆபத்து தொடங்கும். வளைவில் ஸ்ப்ரிங் அமுங்கிப் பாடி வெளிப்பக்கம் சாயும். கயிறு தளர்ந்திருந்தால் கரும்பும் சாயும். இரண்டும் சேர்ந்து நிறை மையத்தை 15 செ.மீ. வெளியே தள்ளினால், நடுக்கோட்டிலிருந்து வெளிச் சக்கரத்துக்கு இருந்த 1 மீட்டர் 0.85 ஆகிறது. அதை வைத்துப் போட்டால் 29 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும்.