ஆஸ்டின்–சான் அன்டோனியோ சரக்கு ரயில் தடத்தை மாற்ற நகராட்சிகள் பணம் தர வேண்டுமா?

சான்மார்கஸ்வாசி:
அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே ஏறத்தாழ 80 மைல். ஐ–35 நெடுஞ்சாலையில் அந்தத் தூரத்தைக் கடப்பது என்ன பாடு என்று இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். அதையொட்டியே யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் தடம் கைல், சான் மார்கஸ், நியூ பிரான்ஃபெல்ஸ் ஊர்களுக்குள் புகுந்து போகிறது. நீண்ட சரக்கு ரயில் ஒன்று நின்றுவிட்டால் ஊர் இரண்டாகிவிடுகிறது. ஆம்புலன்ஸும் கேட்டில்தான் காத்திருக்க வேண்டும்.

சரக்கு ரயிலைக் கிழக்கே புதிய தடத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய தடத்தில் பயணிகள் ரயில் விட வேண்டும். அதற்கு நகராட்சிகளும் கவுண்டிகளும் (மாவட்ட நிர்வாகங்களும்) பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் வாதம். மாநிலத்தை நம்பிப் பயனில்லை. 2005 நவம்பரில் டெக்சஸ் வாக்காளர்கள், ரயில் தடங்களை இடம் மாற்றுவதற்கென்றே ஒரு நிதியம் அமைக்க ஒப்புதல் கொடுத்தார்கள். சட்டமன்றம் அதில் சொல்லும்படியாகப் பணம் போடவே இல்லை.

வரிசெலுத்துபவர்:
நண்பரே, இதைத்தானே லோன் ஸ்டார் ரயில் திட்டமும் சொன்னது? உள்ளாட்சிகள் ஆதரவு தந்தன, ஆய்வுகள் நடந்தன. 2016இல் யூனியன் பசிபிக் விலகிக்கொண்டது. திட்டம் அத்தோடு படுத்துவிட்டது. ஒரு மைல் தண்டவாளம்கூடப் போடவில்லை. தடம் அந்த நிறுவனத்தின் சொத்து. ரயில் நிறுவனங்களை நெறிப்படுத்துவது மத்திய அரசு. நகர மன்றம் எத்தனை தீர்மானம் போட்டாலும் ஒரு வேகனை நகர்த்த முடியாது.

சான்மார்கஸ்வாசி:
முடியாது என்று சொல்லாதீர்கள். கலிஃபோர்னியாவின் அலமேடா தடத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் நகரங்கள் கூட்டாக ஓர் அமைப்பை உருவாக்கி, 2002இல் 20 மைல் தடத்தைத் திறந்தன. அதில் 10 மைல் பள்ளத்துக்குள் ஓடுகிறது. 200க்கும் மேற்பட்ட ரயில்வே கேட்டுகளில் காத்திருப்பு ஒழிந்தது. நெவாடாவின் ரீனோ நகரமும் விற்பனை வரி, ஹோட்டல் அறை வரி போட்டு, 2 மைலுக்குச் சற்று அதிகமான தடத்தைப் பள்ளத்தில் இறக்கியது.

லாக்ஹார்ட்காரர்:
கிழக்கே, எங்கள் லாக்ஹார்ட் பக்கம், வெறும் பொட்டல் காடா இருக்கிறது? எங்கள் நிலங்களின் குறுக்கே தடம் வந்தால் கேட்டும் ஹாரன் சத்தமும் எங்களுக்கு. பயணிகள் ரயில் மட்டும் உங்களுக்கு. எங்கள் கவுண்டியும் பங்கு தர வேண்டுமென்றால் எந்த நியாயத்தில்?

வரிசெலுத்துபவர்:
லாக்ஹார்ட்காரர் கேட்பது சரியான கேள்வி. அலமேடா உதாரணம் இங்கே பொருந்தாது. அங்கே இரண்டு பெரிய துறைமுகங்கள். கடக்கும் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் ரயில் நிறுவனங்கள் கட்டணம் கட்டுகின்றன. சரக்கு வேகமாகப் போவதால் அவர்களுக்கும் ஆதாயம். 2.4 பில்லியன் டாலர் திட்டத்துக்குக் கடன் வாங்க அந்த வருமானம்தான் அடிப்படை. அப்படியும் 2008 பொருளாதாரச் சரிவில் சரக்கு குறைந்த பிறகு துறைமுகங்கள் கைப்பணம் போட வேண்டியதாயிற்று.

இங்கே புறவழித் தடத்தால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? பழைய தடத்தையொட்டிச் சுண்ணாம்புக்கல் குவாரிகளும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. அந்தச் சரக்குக்கு ரயில் பழைய வழியில்தான் வந்தாக வேண்டும். ஆக, இரண்டு தடங்களையும் பராமரிக்கும் செலவு.

சான்மார்கஸ்வாசி:
குவாரி ரயில்களை இரவில் விடலாம். பயணிகள் ரயில் பகலில் ஓடட்டும். லாக்ஹார்ட் பக்கத்து மக்களுக்கு, தடம் போடும்போதே கேட்டுக்குப் பதில் மேம்பாலம் கட்டித் தர வேண்டும்; அதை நானும் ஏற்கிறேன். பணத்துக்கும் வழி உண்டு. நிலையங்களைச் சுற்றி நில மதிப்பு உயரும்; உயர்ந்த மதிப்பில் வரும் கூடுதல் சொத்து வரியில் ஒரு பங்கை மட்டும் நகராட்சி ஒதுக்கட்டும். நிலையம் வராவிட்டால் பணமும் போகாது.

வரிசெலுத்துபவர்:
அந்த வரி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வருவது. தடம் போடும் செலவோ முன்னால் வருகிறது. இடையிலுள்ள ஆண்டுகளுக்குக் கடன் வாங்குவது யார், வட்டி கட்டுவது யார்? யூனியன் பசிபிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், செலவில் அதன் பங்கும் முதலில் மேசைக்கு வரட்டும். அதுவரை நகராட்சிப் பணத்தில் உங்கள் ஊரிலேயே இரண்டு மேம்பாலம் கட்டச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு உடனே வழி கிடைக்கும்.