வினைக்கு முன் மென்பொருளைக் கேட்பதைக் கட்டாயமாக்கலாமா?

முகிலன்:
கரிம வேதியியல் ஆய்வகங்களில் எந்த வினையையும் தொடங்குமுன், அதன் விளைபொருள் எதுவென்று மென்பொருளிடம் கேட்டுப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். 1969-இல் கோரி, விப்கே என்ற வேதியியலாளர்கள் கணினியை இத்துறைக்குக் கொண்டுவந்தபோது விதிகளை மனிதர்களே எழுதித்தர வேண்டியிருந்தது. 2019-இல் வெளிவந்த மாலிக்யூலர் டிரான்ஸ்ஃபார்மர் என்ற மென்பொருளோ, அமெரிக்கக் காப்புரிமைகளிலிருந்து திரட்டிய வினைகளைத் தானே கற்று, சோதனைக்கென ஒதுக்கிய வினைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் முதல் விடையிலேயே சரியாகச் சொன்னது.

குடுவைக்காரர்:
முதலில் ஒரு திருத்தம். கோரியின் நிரல் விளைபொருளைக் கணிக்கவில்லை. வேண்டிய மூலக்கூறிலிருந்து பின்னோக்கிச் சென்று, எதிலிருந்து தொடங்கலாம் என்று காட்டியது. இரண்டும் வேறு வேலைகள்.

அந்த 90 விழுக்காடும் அதே காப்புரிமைத் தொகுப்புக்குள் கிடைத்ததுதான். நாப்தலீனையும் அடர் கந்தக அமிலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரி செல்சியசில் சல்போனிக் அமிலத் தொகுதி பெரும்பாலும் நாப்தலீன் வளையத்தின் 1-ஆம் இடத்தில் சேர்கிறது, அங்கே வினை விரைந்து நடப்பதால். 160 டிகிரியிலோ, 8-ஆம் இடத்து ஹைட்ரஜன் அதை நெருக்குவதாலும், இது பின்னோக்கியும் நடக்கும் மீள்வினை என்பதாலும், தொகுதி கழன்று 2-ஆம் இடத்தில் நிலைகொள்கிறது. குடுவைக்குள் போட்டவை இருமுறையும் அவையே. மாறியது எண்ணெய்த் தொட்டியின் சூடு மட்டும். நீங்கள் புகழும் மென்பொருளுக்கு நாம் கொடுக்கும், மூலக்கூறுகளைக் குறிக்கும் எழுத்துச் சரத்தில் வெப்பநிலைக்கு இடமே இல்லை. ஆகவே இரண்டுக்கும் அது ஒரே விடையைத்தான் தரும்.

முகிலன்:
திருத்தத்தை ஏற்கிறேன், ஐயா. ஆனால் நீங்கள் காட்டுவது பதிவின் குறை, முறையின் குறை அன்று. வெப்பநிலையையும் சேர்த்துக் கொடுத்தால் அதையும் கற்கும். ஐயமுள்ள இடங்களில் குவாண்டம் கணக்கீட்டால் இரு பாதைகளிலும் வினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடைகளை ஒப்பிட்டுக்கொள்ளலாமே?

குடுவைக்காரர்:
ஒப்பிடலாம். ஆனால் அறை வெப்பநிலையில், இரு தடைகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் மோலுக்கு 1.4 கிலோகலோரி பிழை நேர்ந்தாலே விளைபொருள்களின் விகிதம் ஏறத்தாழ 10 மடங்கு மாறிவிடும். கரைப்பானையும் கணக்கில் சேர்க்கும்போது அந்த அளவு பிழை எளிதில் வந்துவிடுகிறது.

ஆலைவாசி:
மருந்து மூலப்பொருள் தயாரிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதன்மை விளைபொருள் எதுவென்று எங்களுக்குப் பெரும்பாலும் முன்பே தெரியும். தூக்கத்தைக் கெடுப்பது மிச்சம்தான். டொலுயீனில் நைட்ரோ தொகுதியை ஏற்றினால் பக்கத்து இடத்தில் ஏறிய ஆர்த்தோவும் எதிரிடத்தில் ஏறிய பாராவும் மிகுதி என்பதைப் பள்ளி மாணவரே சொல்லிவிடுவார். கூடவே, இவற்றுக்கு இடைப்பட்ட இடத்தில் ஏறி வரும் சில விழுக்காடு மெட்டா, அடுத்தடுத்த படிகளில் தானும் உருமாறிக்கொண்டே உடன் வரும். இறுதிப் பொருளில் 0.10 விழுக்காட்டைத் தாண்டும் மாசைப் பொதுவாக அடையாளம் கண்டாக வேண்டும். முதல் விடை சரியா என்று மட்டும் பார்க்கும் மதிப்பெண் இதற்கு உதவாது.

முகிலன்:
அப்படியானால் ‘கட்டாயம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை என்பதில் மாற்றமில்லை. காப்புரிமை எழுதுபவர் கரிப்பிசினாய்ப் போன வினையைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. மென்பொருள் திருந்த வேண்டுமானால் உங்களைப் போன்றோரின் குறிப்பேடுகளில் உள்ள தோல்வியுற்ற வினைகள் வேண்டும். தருவீர்களா?

குடுவைக்காரர்:
தருகிறேன். ஆனால் அவற்றுள் பல பக்கங்களில் வெப்பநிலைக்கு நேரே ‘நல்ல சூடு’ என்று மட்டுமே எழுதி வைத்திருக்கிறேன்.