இரண்டு பிள்ளைகளுக்கும் கதிர் அரிவாள் சோகை: நாலில் ஒன்று என்ற கணக்கு என்ன ஆனது?

கேள்வி (பிளஸ் டூ மாணவி, அகளி):
அட்டப்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாய், தந்தை இருவரும் கதிர் அரிவாள் சோகையின் கடத்திகள் (மாறிய மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்கள்). அவர்களுக்கு உடம்பில் தொந்தரவு ஏதும் இல்லை. ஆனால் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் இருக்கிறது. நாலில் ஒன்றுக்குத்தான் வரும் என்று வகுப்பில் கட்டம் போட்டுப் படித்தோம். ‘இரண்டுக்கு வந்துவிட்டது, இனிப் பிறப்பதற்கு வராது’ என்று உறவினர்கள் அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்கிறார்கள். அது சரியா?

பதில் 1 (உயிரியல் ஆசிரியர், சித்தூர், பாலக்காடு):
சரியல்ல. இதை அந்தத் தாயிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தாய் ஒரு காசும் தந்தை ஒரு காசும் சுண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பூ (மாறிய மரபணு) விழுந்தால் குழந்தைக்கு நோய், ஒன்றில் மட்டும் விழுந்தால் கடத்தி. ஒவ்வொரு கருத்தரிப்புக்கும் காசுகள் புதிதாகச் சுண்டப்படுகின்றன. முன்பு விழுந்தது அவற்றுக்கு நினைவில் இருப்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு 16-இல் 1. அது அரிது என்றாலும் நடக்கக்கூடியதே. மூன்றாவது குழந்தைக்கும் அதே 25 சதவீத வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

மாணவி:
நன்றி ஐயா. இந்த நோய்க்குக் காரணமான மாறிய ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தப் புரதம்) கடத்திகளின் இரத்தத்திலும் உண்டா? இருந்தால் நோயாளிகளுக்கு வருவதுபோல அவர்களுக்கு ஏன் வலி வருவதில்லை?

பதில் 2 (ஆய்வக நுட்பநர், மண்ணார்க்காடு):
உண்டு. 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால், புரதச் சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து அமர்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாளாக வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால்தான் அந்த வலி. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிவதால்தான் அந்தச் சோகை. கடத்தியின் ஒவ்வோர் அணுவிலும் இயல்பான ஹீமோகுளோபினே கூடுதலாக இருந்து இழை வளர விடாமல் தடுப்பதால், அவர்கள் பொதுவாக நலமாகவே வாழ்கிறார்கள்.

கரைதிறன் சோதனையில் ஒரு துளி இரத்தம் கலந்த குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிப்போம். கோடுகள் மறைந்தால் மாறிய ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். ஆனால் கடத்திக்கும் நோயாளிக்கும் கோடு ஒரேபோல மறையும். ஆகவே அந்த முடிவை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எலக்ட்ரோபோரசிஸ் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் திருமணத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளட்டும்.