புதுப்பிப்பு: எல்டிஎல் சரிபார்ப்பு அவ்வளவு கடினம் என்றால் ஸ்பின் எப்படி ஓடுகிறது?

நிரல் காலப்போக்கில் எப்படி நடக்க வேண்டும் என்று விதி எழுத உதவும் தர்க்க மொழி எல்டிஎல் (LTL). நிரலின் மாதிரி, அதாவது அதன் நிலைகளும் அவற்றுக்கிடையேயான நகர்வுகளும் கொண்ட வரைபடம், ஒரு எல்டிஎல் விதிக்குக் கட்டுப்படுகிறதா என்று சரிபார்ப்பது பிஸ்பேஸ்-முழுமை (வேகமான பொதுவழி எதுவும் தெரியாத அளவுக்குக் கடினம்) என்று 1985-லேயே சிஸ்ட்லாவும் கிளார்க்கும் நிரூபித்துவிட்டார்களே, அப்புறம் ஸ்பின் (Spin) என்ற சரிபார்ப்புக் கருவி எப்படி நொடிகளில் பதில் சொல்கிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா, விடை கிடைத்துவிட்டது. அடுக்குக்குறி வேகத்தில் எகிறுவது விதியின் நீளத்தால்தான். மாதிரியின் நிலைகள் கூடினால் நேரம் நேர்விகிதத்தில்தான் கூடும். "கோரிக்கை வந்தால் என்றைக்காவது அனுமதி கிடைக்கும்" என்பது போல நாம் எழுதுவதெல்லாம் ஒரு வரி, அதனால் அந்தப் பூதம் வெளியே வருவதே இல்லை.

நிஜத் தலைவலி மாதிரியில் இருக்கிறது. மெய், பொய் என இரண்டே மதிப்புள்ள 30 பூலியன் மாறிகள் போதும், 100 கோடிக்கு மேல் நிலைகள் வரலாம். சரி, கிளைக்கும் எதிர்காலங்களைப் பற்றிப் பேசும் இன்னொரு தர்க்க மொழியான சிடிஎல்-லுக்கு (CTL) மாறலாமா? அதில் நேரம் விதியின் நீளத்துக்கும் நேர்விகிதம்தான், ஆனால் நிலைகள் இப்படிப் பெருகும் நிலை வெடிப்பு அப்படியே இருக்கும், போதாததற்கு நியாய நிபந்தனையை (எந்தச் செயலும் என்றென்றைக்கும் காத்துக்கிடக்கக் கூடாது என்பது போன்றது) விதிக்குள்ளேயே எழுதவும் முடியாது. அதனால் எல்டிஎல்-லிலேயே இருந்துகொண்டு மாதிரியைச் சுருக்கப் பார்க்கிறேன்.