சீனா 5 சதவீதம் வளர்கிறது, வெளிநாட்டு முதலீடு மட்டும் ஏன் இறங்குகிறது?

தராசுமுள்:
வணக்கம். அளவைக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இதுவரை சீனாவில் ஒரு விநியோகஸ்தர் மூலம் விற்றோம். இப்போது ஷாங்காய்க்கு அருகிலுள்ள சுஜோவில் சொந்தக் கிளை திறக்க முதலாளி துடிக்கிறார். "140 கோடிப் பேர் இருக்கிறார்கள், நூற்றில் ஒருத்தர் வாங்கினாலே போதுமே" என்கிறார். அறிக்கை எழுதும் வேலை என் தலையில்.

புள்ளிவிவரம் குழப்புகிறது. 2024-ல் சீனப் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. அதே ஆண்டு அங்கு வந்த அந்நிய நேரடி முதலீடு 27 சதவீதம் சரிந்து, சுமார் 82,600 கோடி யுவானுக்கு வந்துவிட்டது. ஆனால் புதிதாகப் பதிவான வெளிநாட்டு நிறுவனங்கள் 59 ஆயிரத்துக்கும் மேல். அது முந்தைய ஆண்டைவிட அதிகம். இதில் எதை நம்பி எழுதுவது?

பழைய வால்வு:
முதலில் அந்த "நூற்றில் ஒருத்தர்" கணக்கை அடித்துவிடுங்கள். உங்கள் கருவியை வாங்கப்போவது சில நூறு தொழிற்சாலைகளின் கொள்முதல் அதிகாரிகள். அவர்கள் மேசையில் உங்கள் விலைப்பட்டியலுக்குக் கீழே நான்கு உள்ளூர்ப் பட்டியல்கள் கிடக்கும்.

நான் 2009 முதல் 2020 வரை சுஜோ தொழிற்பூங்காவில், ஒரு ஐரோப்பிய வால்வு நிறுவனத்தின் கிளையில் இருந்தேன். போய்ச் சேர்ந்த நேரம் நல்ல நேரம். உலகமே நிதி நெருக்கடியில் கிடக்க, சீன அரசு 2008 நவம்பரில் 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத்திட்டம் அறிவித்திருந்தது. ரயில் பாதை, மின் நிலையம், கழிவுநீர் நிலையம் என்று திரும்பிய பக்கமெல்லாம் கட்டுமானம். 2010-ல் வளர்ச்சி 10 சதவீதத்தைத் தாண்டியது. ஆர்டர் தானாக வந்து விழுந்ததை எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டோம். (அப்போது வாங்கிய போனஸைக் குறை சொல்ல மாட்டேன்.)

2015 வாக்கில் பக்கத்து ஊரான வூஷியில் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, மேசைமேல் இரண்டு வால்வுகளை வைத்தார். ஒன்று எங்களுடையது, மற்றது வென்சோ என்ற சீன நகரில் செய்தது. "உங்களுடையது எதுவென்று சொல்லுங்கள்" என்றார். சரியாகத்தான் சொன்னேன், ஆனால் மேலே ஒட்டியிருந்த தகட்டைப் படித்துவிட்டு. வென்சோக்காரர் விலை எங்கள் விலையில் பாதிக்குச் சற்று மேல். அதைக்கூடச் சமாளித்திருப்போம். ராத்திரி 11 மணிக்கு வீசாட் செயலியில் ஒரு படம் போட்டால் காலையில் அவர்கள் ஆள் வாசலில் நிற்கிறாராம். எங்களிடம் என்றால் புகார் எண், தலைமையகத்துக்கு மின்னஞ்சல், பத்து வாரம் கழித்து உதிரிபாகம்.

அந்த வென்சோ வால்வை வடிவமைத்தவர் எங்களிடம் ஆறு வருடம் இருந்தவர். திருட்டு, துரோகம் என்று தலைமையகத்தில் குமுறினார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் கிளைக்கு மேலாளர் எப்போதும் விமானத்தில்தான் வந்து இறங்குவார். உள்ளூர்க்காரர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நாற்காலிக்குக் கீழேயே நிற்க வேண்டும். அவர் ஏன் இருப்பார்?

விலை குறைந்த மாடல் ஒன்றை சுஜோவிலேயே செய்யலாம் என்று திட்டம் எழுதினோம். அனுமதி வர 14 மாதம் ஆனது. அதற்குள் வென்சோக்காரர் இரண்டாவது மாடலை இறக்கிவிட்டார். சந்தை ஒன்றும் சுருங்கவில்லை. எங்கள் பங்குதான் கரைந்தது.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். 1984-ல் ஷாங்காய் கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டு நுழைந்த ஃபோக்ஸ்வாகன் பல்லாண்டு காலம் கார் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. 2023-ல் சீன நிறுவனமான பிஒய்டி அதைத் தாண்டிவிட்டது. கேஎஃப்சி வேறு மாதிரி. 1987-ல் பெய்ஜிங்கில் ஒரு கடையோடு ஆரம்பித்து, 2023 முடிவில் 10,000 கடைகளைத் தாண்டியது. சீனாவில் அதன் காலை உணவில் கஞ்சியும், யூதியாவ் என்ற எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியும் உண்டு. 2016-ல் சீன வியாபாரத்தையே யம் சைனா என்று தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். என்ன விற்பது என்று அங்கேயே முடிவெடுக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஷாங்காயில் தணிக்கை வேலையில் இருக்கிறேன். எண்ணிக்கை கூடிப் பணம் குறைகிறது என்றால், வருகிறவர்கள் சின்ன ஆட்கள் என்று அர்த்தம். நான் பார்க்கும் புதுக் கோப்புகளில் பெரும்பாலானவை வர்த்தகமும் சேவையும்தான். இன்னொன்று, டாலரில் வட்டி அதிகம், யுவானில் குறைவு. அதனால் லாபத்தை அங்கேயே மறுபடி போடாமல் வெளியே அனுப்புகிறவர்கள் கூடினார்கள்.

அறிக்கையில் சேர்க்க வேண்டியது: 2024 ஜூலை 1 முதல் திருத்திய கம்பெனிச் சட்டம் அமலில் இருக்கிறது. பதிவு மூலதனமாக எழுதும் தொகையை ஐந்து ஆண்டுக்குள் கட்டியாக வேண்டும். கௌரவத்துக்காகப் பெரிய எண் எழுதாதீர்கள். பொதுவாக வருமான வரி 25 சதவீதம். மிச்ச லாபத்தில் 10 சதவீதத்தைக் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும், அது மூலதனத்தில் பாதி அளவு சேரும்வரை. அப்புறம் ஈவுத்தொகை அனுப்பும்போது 10 சதவீதப் பிடித்தம்; சில நாடுகளுடன் ஒப்பந்தப்படி 5.

தராசுமுள்:
இருவருக்கும் நன்றி. வால்வு சார், கிளை திறப்பது என்று முடிவாகிவிட்டால் முதலில் எதில் கவனம் வைக்கச் சொல்வீர்கள்?

பழைய வால்வு:
நிறுவன முத்திரையில். சிரிக்காதீர்கள். அந்த வட்டச் சிவப்பு முத்திரைக்கு அங்கே கையெழுத்தைவிட மதிப்பு. 2020-ல் சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் சீனக் கிளையில் தலைவரை நீக்க இயக்குநர் குழு ஓட்டுப் போட்டது. முத்திரை அவர் கையில் இருந்ததால் விவகாரம் 2022 வரை இழுத்தது. எங்கள் கிளையில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். யார் எந்தக் காகிதத்தில் குத்தினார் என்று ஒரு பதிவேடு.

அலுவலகம் சின்னதாக இருக்கட்டும். முதல் சம்பளம் ஒரு சர்வீஸ் பொறியாளருக்குப் போகட்டும், உதிரிபாகத்தை சுஜோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விலையில் எத்தனை சதவீதம் வரை குறைக்கக் கிளைக்கே அதிகாரம் உண்டு என்று முதலாளியிடம் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தர மாட்டேன் என்றால் பழைய விநியோகஸ்தரே போதும்.