மறு: சம்பள உச்சவரம்பு சரி, ‘கேப் ஹிட்’டுக்கு என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வட அமெரிக்காவின் பனி ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கைப் பற்றித் தமிழில் எழுத நாம் தயாரிக்கும் சொற்பட்டியலில், ஓர் அணி ஒரு பருவத்தில் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்ச அளவான ‘சேலரி கேப்’ என்பதற்குச் ‘சம்பள உச்சவரம்பு’ என்று முடிவாகிவிட்டது. எனக்கு மறுப்பில்லை. 1961இன் நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து நமக்குப் பழகிய சொல் அது. சட்டத்தோடு பினாமியும் சேர்ந்தே பழகியதால், இந்த லீக்கில் நடப்பதைப் புரிந்துகொள்ளவும் அது கைகொடுக்கும்.

என் தகராறு பட்டியலின் அடுத்த வரியோடு: அந்த வரம்பில் ஒரு வீரரின் பெயரில் ஏறும் தொகைக்கான சொல்.

> கேப் ஹிட்: வரம்புச் சம்பளம்

இந்தச் சொல்லில் ‘சம்பளம்’ இருக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

சம்பளத் தகராறில் 2004-05 பருவம் முழுவதும் ரத்தான பிறகு, 2005-06இல் அணிக்கு 3.9 கோடி டாலர் என்று உச்சவரம்பு வந்தது. 2025-26இல் அது 9.55 கோடி. கூடைப்பந்து லீக்கைப் போல வரி கட்டிவிட்டு மீறிக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. ஆனால் இந்த வரம்போடு ஒப்பிடப்படுவது வீரர் அந்த ஆண்டு கையில் வாங்கும் பணம் அல்ல. ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரி. ரயன் ஓ’ரைலி 2015இல் பஃபலோ அணியோடு ஏழு ஆண்டுகளுக்கு 5.25 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். எந்த ஆண்டு காசோலையில் எவ்வளவு இருந்தாலும், அணியின் கணக்கில் ஆண்டுக்கு 75 லட்சம்தான் ஏறும்.

இன்னும் தெளிவான சாட்சி பாவெல் டாட்சுக். டெட்ராய்ட் அணியில் ஓராண்டு ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போதே 2016இல் ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார். ஆடவில்லை, சம்பளமும் வாங்கவில்லை. ஆனால் 35 வயதுக்குப் பிறகு தொடங்கிய ஒப்பந்தம் என்பதால், அவருடைய 75 லட்சம் டெட்ராய்ட் கணக்கிலிருந்து இறங்க மறுத்தது. அந்தக் காகிதத்தை அரிசோனா அணி ஏற்றுக்கொண்டது. கூலியாக, அணிகள் முறைவைத்துப் புதுமுக வீரர்களை எடுக்கும் தேர்வில் டெட்ராய்ட் தன் 16ஆம் இடத்தைக் கொடுத்துவிட்டு 20ஆம், 53ஆம் இடங்களை வாங்கிக்கொண்டது. ஆள் ஒரு கண்டத்தில், கணக்கு இன்னொரு கண்டத்தில். இதை எப்படிச் ‘சம்பளம்’ என்பது?

நான் முன்வைப்பது ‘பற்று’. மளிகைக் கடையில் “பற்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். காசு கைமாறவில்லை, நோட்டில் நம் பெயரில் ஏறிவிட்டது. கேப் ஹிட் என்பது அதுதான். முழு வடிவம் வேண்டுமென்றால் ‘வரம்புப் பற்று’. ஒரே கட்டுரையில் மூன்றாவது முறை வரும்போது ‘பற்று’ மட்டும்.

> பற்று என்றால் மொழிப்பற்று, நாட்டுப்பற்றுதான் நினைவுக்கு வரும். ‘சுமை’ என்றே வைக்கலாமே?

நம்மில் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ‘சுமை’ காதுக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால் எல்லாப் பற்றும் சுமை அல்ல. உச்சவரம்பு இருப்பதுபோல ஒரு தாழ்வரம்பும் உண்டு. அணி அதற்குக் கீழே போகக் கூடாது. கஞ்சத்தனமாகச் செலவழித்துக்கொண்டிருந்த அரிசோனா, டாட்சுக்கின் பற்றை எடுத்ததில் ஒரு காரணம் இது: சம்பளமாக ஒரு காசும் கொடுக்காமல் கணக்கு மட்டும் ஏறியது. அவர்களுக்கு அது வரம். தவிர, வங்கிப் புத்தகத்தில் பற்று-வரவு பார்க்கிற யாரும் அதை நாட்டுப்பற்றோடு குழப்பிக்கொள்வதில்லை.

‘சுமை’யை வேறோர் இடத்துக்கு வைத்துக்கொள்வோம். வேண்டாத ஒப்பந்தத்தை இன்னொரு அணி தூக்கிக்கொண்டு போவதற்காகச் சேர்த்துக் கொடுக்கும் தேர்வு உரிமைக்கு ‘இனிப்பூட்டி’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்; சர்க்கரை வியாதி மருந்துபோல ஒலிக்கிறது. அதன் பெயர் சுமைகூலி. 2019இல் டொரோண்டோ, பாட்ரிக் மார்லோவின் 62.5 லட்சம் பற்றை இறக்கிவைக்கக் கரோலினாவுக்கு மறு ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. கரோலினா மார்லோவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அந்தத் தேர்வில் 13ஆவது ஆளாக செத் ஜார்விஸை எடுத்தது. நல்ல கூலி.

அடுத்தது:

> ரிட்டெய்ன்ட் சேலரி: தக்கவைத்த சம்பளம்

ஒருவர் தமக்கென்று தக்கவைத்துக்கொண்டது போலல்லவா இருக்கிறது! நடப்பது நேர்மாறு. ஆளை அனுப்பிய அணி அவர் பற்றில் ஒரு பங்கைத் தொடர்ந்து தாங்குகிறது. ‘தாங்குபற்று’ என்கிறேன். விதி இது: பாதிக்கு மேல் தாங்க முடியாது, ஓர் அணி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் தாங்க முடியாது, ஓர் ஒப்பந்தத்தை இரண்டு முறைக்கு மேல் இப்படிப் பிளக்க முடியாது.

அந்த ‘இரண்டு முறை’யில்தான் 2025 வரை சாமர்த்தியம் இருந்தது. 2023 பிப்ரவரியில் ஓ’ரைலி, செயின்ட் லூயிஸ் அணியிலிருந்து டொரோண்டோவுக்குப் போனார். செயின்ட் லூயிஸ் பாதியை, அதாவது 37.5 லட்சத்தைத் தாங்கியது. நடுவில் மினசோட்டா புகுந்து மிச்சத்தில் பாதியைத் தாங்கியது. டொரோண்டோவின் கணக்கில் ஏறியது 18.75 லட்சம் மட்டுமே. ஓ’ரைலி மினசோட்டா சட்டையைப் போடவே இல்லை. அந்த அணிக்குக் கிடைத்தது ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு. இப்படி நடுவில் நிற்கும் அணியை ‘இடைத்தாங்கி’ எனலாம். ‘தரகர்’ வேண்டாம், தரகர் யாருடைய கடனையும் தன் தலையில் போட்டுக்கொள்வதில்லை.

அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ‘டிரேட்’ என்பதற்கு ‘வீரர் வணிகம்’ என்ற பரிந்துரையும் எனக்கு உறுத்துகிறது. 1988இல் வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மண்டன் அனுப்பியபோது லாஸ் ஏஞ்சலஸ் ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கமும் கொடுத்தது, அது வணிகம். உச்சவரம்பு வந்தபின் பேரத்தில் ரொக்கம் கொடுக்க முடியாது. ஆளுக்கு ஆள், அல்லது தேர்வுக்கு ஆள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல. ‘பண்டமாற்று’ பொருத்தம்தான், ஆனால் மனிதரைப் பண்டம் என்பது கூசுகிறது. ‘ஆள்மாற்று’ ஆள்மாறாட்டத்துக்குப் பக்கத்து வீடு. ‘வீரர்மாற்று’ என்று விட்டுவிடுவோம்.

நீண்டநாள் காயமுற்றோர் பட்டியலுக்குக் ‘காய விலக்கு’ என்று போட்டிருக்கிறது. ‘காயத் தளர்வு’ என்று திருத்தக் கோருகிறேன். காயம்பட்டவரின் பற்று அழிவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம், அவ்வளவே. 2020-21இல் தம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பருவம் முழுவதும் ஆடாமல், பற்றுக் கணக்குப் பார்க்காத இறுதிச் சுற்றுகளில் வந்து இறங்கினார், கோப்பையும் வந்தது. விதிப்படி எல்லாம் சரி. பட்டா வேறு பெயரில் இருந்தால் நில உச்சவரம்பிலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 2025-26 முதல் இறுதிச் சுற்றிலும் களமிறங்கும் அணிக்குக் கணக்கு உண்டு.

‘நோ டிரேட்’ ஷரத்து: ‘மாற்றுத் தடை’ என்றால் லீக் தடுப்பதுபோல ஆகும். தன்னை வேறு அணிக்கு அனுப்புவதைத் தடுப்பவர் வீரர். ‘வீரர் இசைவு ஷரத்து’ போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை: ‘ஃபியூச்சர் கன்சிடரேஷன்ஸ்’. ஓர் அணி ஒரு வீரரை அனுப்பும். பதிலுக்கு ‘எதிர்காலக் கருதல்கள்’ வாங்கியதாக அறிவிப்பு வரும். பெரும்பாலும் அதற்குப் பின் எதுவும் வராது. ‘பின்னீடு’ என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ நிச்சயம் வரும் என்ற தொனி வந்துவிடுகிறது. “பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கு ஒரு பெயர்ச்சொல் இருந்தால் யாராவது அனுப்புங்கள்.