பொறியியல் கலந்தாய்வு: கல்லூரியா, பாடப்பிரிவா?

கேள்வி (ஒரு தந்தை):
என் மகளின் கட்-ஆஃப் 200-க்கு 184. பெயர்பெற்ற கல்லூரியில் சிவில் கிடைத்தால் சேரலாம் என்கிறேன் நான். எந்தக் கல்லூரியானாலும் கணினி அறிவியல்தான் வேண்டும் என்கிறாள் அவள். எதற்கு முன்னுரிமை தருவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற விரிவுரையாளர்):
கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கணக்கிடப்படும் கட்-ஆஃப் தரவரிசைக்கே அடிப்படை என்பதால், உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் சென்ற ஆண்டு எந்தத் தரவரிசை வரை இடம் கிடைத்தது என்று முதலில் பாருங்கள். கணினி என்ற பெயருக்காக, ஆசிரியரோ ஆய்வகமோ போதாத கல்லூரியில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயினும், விருப்பமில்லாத சிவிலை நான்கு ஆண்டுகள் படிக்கப்போவது அவள்தான், நீங்கள் அல்லர்.

மறுமொழி (ஒரு தாய்):
விருப்பப் பட்டியலின் வரிசைப்படியே இடம் ஒதுக்கப்படுவதால், உண்மையில் விரும்புவதையே மேலே வையுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரென்றால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டையும் மறவாதீர்கள்.